தள்ளி வைத்த ஊர்

கணினியின் இணையத் தேடுபெட்டிக்குள் மேற்கோள் குறியும் கழித்தல் குறியும் அடுத்தடுத்து நின்று வேலை பார்த்தன.

பெரியவர் ஒருவர் தினமும் வந்து, சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியின் பெயரை மேற்கோள் குறிக்குள் அடிப்பார். பிறகு கழித்தல் குறியைப் போட்டு, திட்டக்குடி என்று அடிப்பார். அது தம்பி பெண்ணெடுத்த ஊர். அந்தப் பெயர் உள்ள பக்கம் எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது.

"இன்னைக்கும் தம்பி கிடைக்கலையா அண்ணே?" என்று கழித்தல் குறியிடம் கேட்டது மேற்கோள் குறி.

"கிடைச்சுட்டார்ப்பா. திட்டக்குடியில சைக்கிள் கடை வெச்சிருக்கார். போட்டோகூட இருக்கு."

"அப்புறம் ஏன் காட்டல?"

"அந்த ஊரைத் தள்ளச் சொன்னது பெரியவருதானே."

பெரியவர் வெறும் திரையை வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக மறுபடி அடித்தார். கழித்தல் குறியையும் அவர் விடவில்லை.