ஆழியனுக்குக் கல்யாணம்

ஆழியன் கல்யாணத்துக்கு யார் என்ன கலரில் புடவை கட்டுவது என்று ஷாரோன் ஆரம்பித்ததும், சிநேகாவுக்கு மாங்காய்த் துண்டு தொண்டையில் நின்றுவிட்டது.

ஆழியன் ஒன்றும் சொந்தக்காரன் இல்லை. ‘அலைக்கோட்டை’ என்ற சாகசத் தொடரில் வரும் படகோட்டி. ஆனாலும் மாமல்லபுரம் கடற்கரையில், சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்த இந்த மூன்று கல்லூரிப் பெண்களுக்கும் கூடப் படிக்கிற எந்தப் பையனையும்விட அவன்தான் நெருக்கம். இனாயாவின் போன் கவருக்குள்கூட அவன்தான் இருந்தான், பழைய பாகத்தின் அட்டையிலிருந்து வெட்டி வைத்தது.

பாவம், அவன் செத்துவிட்டான். கடைசிப் பாகத்தில், கதை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். அது சிநேகாவுக்குத் தெரியும்.

தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் வம்பே.

போன பாகத்தை ஷாரோன் முதலில் படித்துவிட்டு, முடிவை பஸ்ஸில் உளறிக் கொட்டினாள். அன்றைக்கு நடந்த சண்டையைப் படூர் ஸ்டாப்பே நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் இந்த முறை ஒப்பந்தம் போட்டார்கள். ஷாரோன் கூரியரில் வாங்கிய தடிப் புத்தகத்தை இனாயா வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுக்க, இனாயா அதைப் பிளேடால் மூன்றாக அறுத்தாள். முதல் துண்டை மூவரும் முடித்த பிறகுதான் இரண்டாவது, அப்புறம்தான் மூன்றாவது. யாரும் யாரையும் முந்தக் கூடாது.

அதுவரை மூன்றாவது துண்டு யாரிடம் இருப்பது? சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறவள், ஏமாற்ற மாட்டாள் என்று ரப்பர் பேண்ட் போட்டு சிநேகாவிடம் கொடுத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

ஒரு ரப்பர் பேண்ட் எவ்வளவுதான் தாங்கும்? கர்த்தர் மன்னிப்பார் என்று பிரித்தாள், படித்தாள், துப்பட்டா நனைய நனைய அழுதாள்.

இன்றைக்கு அந்தத் துண்டை இனாயாவிடம் கொடுக்க வேண்டும். முதலில் படிக்கும் முறை அவளுடையது. திருடிப் படித்தது தெரிந்தால் திட்டுவாள், திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் ஆழியன் பெயரைக் கேட்டாலே கன்னம் சிவக்கிற இந்தப் பைத்தியத்தின் கையில் அவன் சாவை எப்படிக் கொடுப்பது? பையோடு கடலில் போட்டுவிட்டு, அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட சிநேகா யோசித்தாள்.

“ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஆழியனுக்கு எதாச்சும் ஆயிட்டா இன்னாடி பண்ணுவே?”

“வாயக் கழுவு!” என்றாள் இனாயா. “அவனுக்கு இன்னா ஆவும்? ஜம்முனு கல்யாணம் பண்ணிக்கினு புள்ள குட்டியோட இருப்பான், பாரு.”

“நாத்தனார் முடிச்சு நான்தான் போடுவேன்” என்றாள் ஷாரோன். சொல்லிவிட்டு, மிளகாய்த்தூள் கையோடு கண்ணைத் தொட்டுத் தொலைத்துவிட்டேன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே, இன்னொரு பொட்டலம் மாங்காய் வாங்க எழுந்து போனாள்.

வேறு வழியில்லை. சிநேகா பையைத் திறந்து துண்டை நீட்டினாள்.

இனாயா ரப்பர் பேண்டைக் கழற்றினாள். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஒரு பக்கத்தைப் பிரித்துத் தலைகீழாக உதறினாள். ஒன்றும் விழவில்லை.

“இங்க ஒரு சவுக்கு ஊசி வச்சிருந்தேனே. எங்கடி அது?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சிநேகா விழித்தாள். முதல் பாகத்தில் கதாநாயகி பெட்டி மூடியில் தலைமுடியை ஒட்டிவைத்துத் திருடனைப் பிடிப்பாள். அதைப் படித்துவிட்டுக் கைதட்டிக் குதித்தவள்தான் இந்த இனாயா.

“சண்டே ஸ்கூல் டீச்சராம்!” இனாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிநேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஆழியன் சாகிற பக்கம்.

“இரு. இந்தப் பக்கத்துல வைக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சிரிப்பு நின்றது.

“அறுக்கச் சொல்லிக் கையில குடுத்தா, படிக்காம அறுக்க நான் இன்னா கசாப்புக் கடையா வச்சிருக்கேன்?” இனாயாவின் குரல் இறங்கியது. “நீ தாங்க மாட்டேடி. அதான் கல்யாணம் கில்யாணம்னு பேசிக்கினு இருந்தேன். நீ அங்க வரைக்கும் வந்துட்டியான்னு எனக்குத் தெரியணும்ல? தனியா அழுதுகினு இருந்தா?”

சிநேகா அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள்.

“அதான் அந்தப் பக்கம் மட்டும் மொடமொடன்னு இருந்துச்சா? அழுது நனைச்சு வச்சிருக்கே” என்றாள் சிநேகா.

“நானா?” என்றாள் இனாயா. “நான் தலகாணில இல்ல அழுதேன். எங்கிட்ட வரும்போதே அது அப்படித்தான் இருந்துச்சு. கூரியர்ல மழத் தண்ணி பட்டுக்கினு வந்துச்சுன்னு நெனச்சேன்.”

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மழை பெய்யுமா?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள்.

மணலில் கால் புதைய, மாங்காய்ப் பொட்டலத்தோடு ஷாரோன் வந்துகொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. போன முறை ஒரு ஸ்டாப் தூரம்கூட முடிவை அடக்க முடியாத வாய். இந்த முறை இத்தனை வாரமாக ஆழியனுக்குக் கல்யாண ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறது.

“இன்னாங்கடி, புடவை முடிவாச்சா?” என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.

இனாயா சத்தமில்லாமல் ரப்பர் பேண்டை மறுபடியும் மாட்டினாள்.

“மஞ்சள்!” என்று சிநேகா திருப்பிக் கத்தினாள். “மூணு பேருக்கும் ஒரே மஞ்சள்!”