கண்ணாடிப் பெட்டிக்குள் கைகள்

ஆய்வுக்கூடத்தில், முழங்கை வரை கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட கைகளை அவளால் இப்போது வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் கிருமி ஏறிவிடும். இன்று ஊட்டாமல் விட்டாலோ, மூன்று மாதமாக வளர்த்த நரம்புச் செல்கள் மண்ணாய்ப் போகும். அவை சுரக்கும் புரதம்தான் நாளை யாருடைய மூளைக்கோ மருந்து. பொல்லாத செல்கள், தாம் சுரந்ததில் பாதியாவது கூடவே இருந்தால்தான் பிழைக்கும். அதனால் செல்கள் வளரும் தட்டிலுள்ள ரோஜா நிற ஊட்டத் திரவத்தில் பாதியை மட்டும் உறிஞ்சிவிட்டு, புதியதைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். பெட்டியின் காற்று ஓயாமல் இரைகிறது. கூட வேலை செய்பவள் கைபேசியை அவள் காதோரம் பிடித்திருக்கிறாள். அதில் கைக்குழந்தை வீறிடுகிறது. “பாட்டிலைத் தொடவே மாட்டேங்கறா. எப்ப வருவே?” என்கிறான் கணவன். “இன்னும் மூணு தட்டுதாங்க.” அழுகை காதில் விழுந்ததுமே மார்பு கனத்து, வெள்ளை அங்கி வெதுவெதுப்பாக நனைகிறது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. கைபேசி பிடித்திருப்பவள் அதைப் பார்த்துவிட்டு, பாராததுபோல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அழுகை தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. “அழுதழுது தூங்கிட்டா. நீ மெதுவாவே வா.” கைகள் ஆடாமல் அசையாமல் அடுத்த தட்டின் மூடியைத் திறக்கின்றன. பால் மட்டும் நிற்பதாக இல்லை.