சனிக்கிழமை ஸ்கீ

ஒஸ்லோ பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பனியில் சறுக்க ஸ்கீ வாங்கினேன். சனிதோறும் அதைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ரயிலேறுவேன். திங்களன்று ஆசிரியர் அறையில், "பனி அருமை" என்பேன். நான் மதுரைக்காரன் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று ரயிலில், இங்கேயே பிறந்த ஈழத்தமிழர், எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் தக்சன் ஸ்கீயோடு நின்றார்.

"வழமையா ஞாயிறுதான் வாறனான். இண்டைக்கு ஒண்டாப் போவமே, சேர்?"

எனக்கு வியர்த்தது. "போகலாமே."

கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும் அவர் தயங்கினார். "முதல்ல ஒரு கோப்பி குடிப்பமே?"

"தாராளமா" என்றேன். போன உயிர் திரும்பி வந்தது.

மலைமேல் காப்பிக்கடையில் பரிமாறும் சாருகா எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"சனிக்கிழமை சேரும் ஞாயிற்றுக்கிழமை சேரும் ஒண்டா வந்திருக்கிறியள். ஸ்கீயை வெளியிலை சாத்திப்போட்டு, பொழுதுபடும் வரைக்கும் நீங்கள் இருக்கிற மூலை மேசையிலை ரெண்டு பேருக்கும் இடம் காணுமோ?"