காபி டம்ளர் வழக்கு

கல்யாணமான புதிதில் அறவாழி சொன்னது மீனலோசனிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க வீட்ல யாரும் எச்சில் பண்ண மாட்டோம். தூக்கித்தான் குடிப்போம். அடுத்தவங்க டம்ளரைத் தொடக்கூட மாட்டோம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

இப்போது ஒரு வாரமாக, அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதற்குள் அவளுடைய காபியில் பாதி காணாமல் போகிறது. குடும்ப வழக்குகளை விசாரிக்கும் ஃபிரிட்ஜிடம் இன்று புகார் கொடுத்துவிட்டாள். குற்றம் உறுதியானால் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

"எனக்கு வக்கீல் வேணும்" என்றான் அறவாழி உடனே.

"குடிக்காதவருக்கு எதுக்குங்க வக்கீல்?" என்றபடி அவன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, டம்ளரோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள்.

"டம்ளர் விளிம்பில் இருப்பது இவருடைய எச்சில்தான். டிஎன்ஏ பொருந்துகிறது" என்றது ஃபிரிட்ஜ்.

அவனுக்கு வக்கீலாக நியமிக்கப்பட்ட மிக்சி உறுமியது. "ஆட்சேபணை. என் கட்சிக்காரர் வக்கீல் கேட்ட பிறகு, நான் வருவதற்குள் அனுமதியில்லாமல் பிடுங்கிய முடி அது."

"உண்மைதான். ஆதாரம் செல்லாது. எல்லோரும் இதை மறந்துவிடுங்கள்" என்று சொல்லி ஃபிரிட்ஜ் விளக்கை அணைத்தது.

அறவாழி நிம்மதியாக மூச்சு விட்டான். மீனலோசனியால்தான் மறக்க முடியவில்லை. அவன் வாய் வைத்துக் குடித்திருக்கிறான், அதுவும் அவளுடைய டம்ளரில்.

வழக்கில் தோற்றவள் சிரிப்பதைப் பார்த்து அவனுக்குப் பயம் வந்தது.

அவள் புதிதாகக் காபி கலந்து, ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கணும்னு இருந்தேன். நாம ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல குடிக்கலாமாங்க?"