ஊசிக்கு விரதம்

"எங்க மாப்பிள்ளை வருஷா வருஷம் கன்னத்துல அலகு குத்தி, முதுகுல கொக்கி மாட்டி காவடி எடுக்கிற ஆளு. முடி மாதிரி ஒரு ஊசிக்கு மயங்கி விழுந்துட்டாரு லா."

ரவீந்திரன் இதைச் சொல்லாத ஆள் ஈஜோக் ஊரில் பாக்கி இல்லை. காப்பிக் கடையில் சொன்னான், வாட்ஸப்பில் சொன்னான், கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொன்னான்.

திலகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்தது அவள் கணவன் திருச்செல்வம். சொல்லிச் சிரிப்பது அவளுடைய சொந்த அண்ணன்.

இடுப்பு வலிக்கு அக்குபங்சர் போட்டுக்கொள்ள, கோலசிலாங்கூர் சீன வைத்தியர் சின்சேயிடம் போயிருந்தார் திருச்செல்வம். உடம்பில் ஊசி ஏறுகிறதென்றால் விரதம் இருக்க வேண்டாமா? முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. சாப்பிட்டாயா என்று சின்சே கேட்டதற்கும் சும்மா தலையை ஆட்டிவிட்டார். நாலாவது ஊசியில் கண் செருகிவிட்டது.

"வெறும் வயிற்றோடு வந்தால் சிலருக்கு இப்படி ஆகும். ஊசி போட்ட இடம் கொஞ்சம் கன்றினாலும் பயப்படாதே. அடுத்த வாரம் சாப்பிட்டுவிட்டு வா," என்றார் சின்சே.

அடுத்த வாரம் திருச்செல்வம் அசையவில்லை. "ஊரே சிரிக்குது. இன்னொரு தடவ விழுந்தா கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது."

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

திலகம் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உன் வாயாலதான். வேலையே போயிடும் போல இருக்கு அவருக்கு."

"சரி, விடு. எனக்கும் தோள்பட்டை வலிதான். நானும் வர்றேன். ஊசி எப்படிப் போட்டுக்கிறதுன்னு மாப்பிள்ளைக்குக் காட்டுறேன்."

அதற்குமேல் பின்வாங்க முடியுமா? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கடுகடுவென்று காரில் ஏறினார் திருச்செல்வம்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில்கள். சின்சே முதல் ஊசியை ரவீந்திரன் தோளருகே கொண்டுபோனார். "அம்மா" என்று ஒரு முனகல். ஆள் சாய்ந்துவிட்டான்.

சின்சே நாடி பிடித்துப் பார்த்தார். ஊசியோடு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அங்கே திருச்செல்வம் குப்புறப் படுத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். "திலகம், போட்டோ எடு. குத்தவே இல்ல, அதுக்குள்ள மச்சான் போயிட்டாரு. சின்சே, எனக்கு எத்தனை வேணும்னாலும் போடுங்க."

"சிரிக்காதே, ஊசி ஆடுது," என்றார் சின்சே.

திலகம் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு அண்ணன் முகத்தருகே பதறிக் குனிந்தாள்.

கண்ணைத் திறக்காமலே அவன் முணுமுணுத்தான்.

"ஊத்திடாதே. அவருக்கு ஊசியெல்லாம் எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் மயக்கத்துலதான் இருக்கணும்."