பழசு

எல்லோரும் மையக் கணக்கின் வழியாகவே அலுவலகக் கணினி சர்வருக்குள் நுழைய வேண்டும் என்று ஆணையிட்டவர் மேலாளர். ஆகவே, மையக் கணக்கில் சேராத ‘பழசு’ என்ற ஒரு லோக்கல் லாகின் மட்டும் சர்வரிலேயே தனியாக மிஞ்சியிருப்பதைக் கண்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“யாரும்மா தினமும் இந்தத் திருட்டு வாசல் வழியா வர்றது?”

சர்வரைப் பராமரிக்கும் பெண் கையைப் பிசைந்தார். “சார், அது வந்து...”

“மழுப்பாதே! நீயும் கூட்டா?”

பதவிநீக்க உத்தரவொன்றில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மேலாளர் அழுத்திக் கையெழுத்திட்டார்.

“அந்த ஆளோட பேரை எழுது. இல்லேன்னா உன் பேரை நான் எழுதிடுவேன்.”

“மையக் கணக்குல மாசாமாசம் மாறுற பாஸ்வேர்டெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியாது, எனக்கு மட்டும் பழசே இருக்கட்டும்னு ஒருத்தர் சத்தம் போட்டார் சார்.”

“எவன் அவன்?”

அந்தப் பெண் பணிவுடன் பேனாவைத் திறந்தார்.

“உங்க இனிஷியல் முன்னாடி வரணுமா, பின்னாடியா சார்?”