தொண்டையில் ஒரு மீன்முள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டதும், இல்லை என்று விக்டோரியா தலையாட்டினாள்.

சாப்பிடுகிறேன் என்று கட்டிலில் கிடந்த அவள் கணவர், பேராசிரியர் இஞ்ஞாசி கத்தினார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை.

மறுபடி கத்தினார். இந்தத் தடவை அவர் குரல் அவர் காதிலேயே விழுந்தது. வாயிலிருந்து வந்தது தமிழ் இல்லை, டச்சு.



காலையில் பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வலது கை விழுந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். அதைக் கரைக்க உடனே ஊசி போட வேண்டும். ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் போட்டால் தலைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். டாக்டர் ஐஸ்வர்யா இதையெல்லாம் சொன்னபோது ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். காதுக்குள் போகிற தமிழ் வாய்க்கு மட்டும் வர மறுத்தது.

உளறுகிறார் போல என்றாள் நர்ஸ்.

"உளறலில்ல, டச்சு பாஷ. ஆயுசு பூரா அதத்தான சொல்லிக்கொடுத்தாவ" என்றாள் விக்டோரியா.

அந்தப் பாஷை தெரிந்தவர்கள் ஊரில் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார்.

தூத்துக்குடியில் யாருக்குத் தெரியும்? பகலில் காலேஜில் சரித்திரம், சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் டச்சு. கப்பலுக்குப் போகிற பையன்கள், நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள் என்று எத்தனையோ பேர் படித்தார்கள். தொண்டையில் மீன்முள் சிக்கினால் எப்படிக் காறுவீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்று டச்சின் அந்தத் தொண்டை ஒலியைச் சொல்லிக்கொடுத்து இவர் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒருத்தருக்கும் அது சரியாக வந்ததில்லை. படித்தவர்கள் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். ஊரில் இருக்கிற டச்சுக்காரர்களோ கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். வெயிலில் உட்கார்ந்து அந்தக் கல்லெழுத்துகளைப் படியெடுத்துக் காப்பாற்றியவர் இவர்தான். இவரைக் காப்பாற்ற அவர்கள் எழுந்து வரப்போவதில்லை.

விக்டோரியாவுக்கும் டச்சு தெரியாது. கல்யாணமான புதிதில், நானும் படிக்கட்டுமா என்று கேட்டாள். மீன் அறுக்கதுக்கு டச்சு எதுக்குளா என்று சிரித்துவிட்டார். அப்புறம் அவள் கேட்டதில்லை. கூடத்தில் வகுப்பு நடக்கும், அடுப்படியில் அவள் இருப்பாள், நடுவில் ஒரு துணித்திரை.

மாத்திரை விஷயமும் அவளுக்குத் தெரியாது. போன வருடம் ஹாலந்தில் கருத்தரங்கு முடிந்தும் ஊர் திரும்பாமல் லீஸ்பெத் என்கிற சிநேகிதி வீட்டில் தங்கினாரே, அங்கேதான் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. அந்த ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்தார். வீட்டில் சொன்னால் எங்கே, யார் கூட என்று கேள்வி வரும். அதனால் புதுக்கோட்டையில் முகம் தெரியாத மருந்துக் கடையில் வாங்கி, அகராதிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

லீஸ்பெத்தோடு பேசுவதை மட்டும் அவர் ஒளித்ததில்லை. சனிக்கிழமைதோறும் கூடத்தில் உட்கார்ந்து போனில் சத்தமாகவே கொஞ்சுவார். விக்டோரியா பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இருக்கட்டுமே, அதற்கு டச்சு தெரியாதே என்பது பேராசிரியரின் தைரியம்.

நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

அந்த மாத்திரை சாப்பிடுகிறேன், இன்று காலையிலும் சாப்பிட்டேன், போடாதீர்கள் என்று அலறினார். அத்தனையும் டச்சு. இடது கையை ஆட்டினார். டிரிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நர்ஸ் அந்தக் கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் அழுதார். சாகப் பயமாக இருந்தது. கட்டினவளுக்குக்கூடப் புரியாமல் சாவது அதைவிடப் பயமாக இருந்தது.

விக்டோரியா ஊசியைப் பார்த்தாள். பிறகு அவரையே பார்த்தாள். ரொம்ப நாளாகச் சுமந்ததை இறக்கி வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள்.

"டாக்டரம்மா, போடாதிய. அந்த மாத்திர சாப்பிடுதாவ. இன்னிக்குக் காலைலயும் சாப்பிட்டிருக்காவ."

டாக்டர் சட்டென்று நர்ஸின் கையைத் தடுத்தார். குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிடலாம், பயமில்லை என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து வெளியே ஓடினார். நர்ஸும் பின்னால் போனாள்.

போன உயிர் திரும்பி வந்தது. மாதாவே என்று பேராசிரியர் கண்ணை மூடினார்.

இவளுக்கு எப்படித் தெரிந்தது? அகராதிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்திருப்பாளோ?

ஆனால் காலையில் சாப்பிட்டதை அவர் இப்போதுதானே சொன்னார்.

கண்ணைத் திறந்தார். விக்டோரியா அவர் காதோரம் குனிந்திருந்தாள். அவள் தமிழில் பேசவில்லை.

"பயப்படாதீர்கள். சனிக்கிழமை லீஸ்பெத் காத்திருப்பாள். நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்."

மீன்முள் சிக்கினால் காறுகிற அந்தத் தொண்டை ஒலி, அவளுக்குத் துளி பிசகாமல் வந்தது.